பெயர் இழந்த குளவி: உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

காரைதீவு, நிந்தவூர், மாளிகைக்காடு, சாய்ந்தமருது, கல்முனைப் பாடசாலைகளில் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு,



உங்களில் பலரை எனக்கு முகம் தெரியாது. ஆனால் உங்கள் உம்மா, வாப்பா, அம்மா, அப்பா ஆகியோரில் கொஞ்சப் பேர் என் வகுப்பில் இருந்து செவ்வரத்தம் பூவை நெடுக்காக வெட்டிப் படம் வரைந்தவர்கள். ஓய்வு பெற்று வருடங்கள் போய்விட்டன. இந்தப் பக்கத்துச் சனம் இன்னும் என்னைச் 'சேர்' என்றுதான் கூப்பிடுகிறது. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

எழுத வைத்தது ஒரு சின்னத் தாள்துண்டு.

அண்மையில் நம் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானக் கண்காட்சி நடந்தது. நானும் போயிருந்தேன். பூச்சிப் பெட்டிகள் அடுக்கியிருந்த மேசையில் ஒரு பெட்டி என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. ரெஜிபோம் தட்டில் குண்டூசி குத்தி வைத்த ஒரு கறுத்தக் குளவி. நீளமான கால்கள். நெருப்பில் வாட்டிய தாள்போலச் செம்மஞ்சள் செட்டை. பக்கத்திலேயே அது பிடித்த சிலந்தி. கீழே பிள்ளையின் கையெழுத்தில் இப்படி இருந்தது: 'காரைதீவு, கடற்கரைப் பக்கம், வீட்டு மதில் அடி. காலை 10 மணி. சிலந்தியை இழுத்துக்கொண்டு பின்பக்கமாக நடந்தது. இனம்: ?' திகதியும் போட்டிருந்தது. நான் படிப்பித்த காலம் முழுக்கப் பிள்ளைகளிடம் மன்றாடிக் கேட்ட லேபல் அதுதான்.

நடுவராக வந்த பெரியவர் ஒருவர் கேள்விக்குறியைப் பார்த்தார். "பேர் தெரியாததை எதுக்கு வச்ச?" என்று கேட்டார். புள்ளி குறைந்தது. மறுநாள் காலையில் போனபோது அந்தத் தாள்துண்டு இல்லை. அதன் இடத்தில் கணினியில் அடித்த அழகான லேபல். 'பெப்சிஸ்' என்று தொடங்கும் நீண்ட இலத்தீன் பெயர். பிள்ளை போனில் படம் எடுத்து ஒரு செயலியிடம் கேட்டிருக்கிறது. பெப்சிஸ் என்ற சாதி அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் வாழ்வது. நம் மதில் அடியில் அது வந்து சிலந்தி பிடிக்க வழியே இல்லை. அதைவிட என்னை வருத்தியது, பழைய துண்டோடு இடமும் திகதியும் மணியும் பின்பக்கமாக நடந்த அந்த நடையும் குப்பைக்கூடைக்குப் போனது.

நான் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை. அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் இதை எழுதத் தொடங்கினேன். எழுத எழுத, உங்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டியது என்று பட்டது.

அந்தக் குளவியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பறப்பதைவிட நடப்பதுதான் அதற்கு அதிகம். செட்டையைப் படபடவென்று அடித்துக்கொண்டு, உணர்கொம்பால் நிலத்தைத் தட்டித் தட்டி, மதில் வெடிப்பு, கிடுகு மட்டை, விறகுக் குவியல் என்று ஓடி ஓடித் தேடும். சிலந்தி அகப்பட்டால் அடிப்பக்கம் பார்த்துக் கொட்டும். சிலந்தி சாகாது, அசைவுதான் போகும். பிறகு அதைக் கவ்விப் பின்னால் பின்னால் இழுத்துப் போகும். ஒரு பொந்துக்குள் வைத்து, அதன் உடம்பில் ஒரே ஒரு முட்டை இட்டு, வாயிலை மண்ணால் அடைத்துவிட்டுப் பறந்துவிடும். முட்டையிலிருந்து வரும் குடம்பிக்கு அந்த ஒரு சிலந்திதான் மொத்தச் சாப்பாடு. தெள்ளு நாயில் இருப்பதுபோல விருந்துவழங்கியைக் கொல்லாமல் ஒட்டி வாழ்வது வேறு, இது வேறு. இங்கே விருந்துவழங்கி கடைசியில் செத்தே ஆக வேண்டும். இப்படி வாழும் குளவிகளைத்தான் பொதுவாக ஒட்டுண்ணிக் குளவிகள் என்கிறோம். சிலந்தியை மட்டும் பிடிக்கும் இந்தக் கூட்டம் பொம்பிலிடே குடும்பம். உலகம் முழுக்க ஏறத்தாழ 5,000 இனங்கள்.

இனி ஒரு செத்த குளவியின் கதை. செத்து 3 கோடியே 40 இலட்சம் வருடம்.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் புளோரிசன்ட் என்று ஓர் இடம். அப்போது அங்கே ஓர் ஏரி இருந்தது. பக்கத்தில் எரிமலை. சாம்பல் மழையாக விழுந்து ஏரியின் அடியில் படிந்தது. ஏரித் தண்ணீரில் வளர்ந்த நுண்ணிய பாசிகளின் ஓடுகளும் அதோடு சேர்ந்து படிந்தன. தண்ணீரில் விழுந்த இலை, பூ, ஈ, எறும்பு, குளவி எல்லாம் அந்த மென்படைகளுக்கு இடையில் அகப்பட்டு, காலப்போக்கில் கல்லாகிவிட்டன. இன்று அந்தக் கல்லைக் கத்தி முனையால் நெம்பினால் கொப்பியின் தாள்போல் பிரியும். உள்ளே பூச்சி இருந்தால் ஒரு பக்கத்தில் உருவம், மறுபக்கத்தில் அதன் பதிவு.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். குளவி உருண்டையான உடம்புள்ள பூச்சி. அதன் மேல் அத்தனை மண்ணும் சாம்பலும் ஏறி உட்கார்ந்தால் என்ன மிஞ்சும்? ஒரு நிழல். செட்டை தட்டையானது, அதனால் அதன் நரம்புகள் ஓரளவு தப்பும். உடம்பு நசுங்கிவிடும். பொம்பிலிடே குளவியை மற்றக் குளவிகளிலிருந்து பிரித்துக் காட்டும் முக்கியமான அடையாளம் எங்கே இருக்கிறது தெரியுமா? நெஞ்சின் பக்கவாட்டில். அங்கே ஒரு சாய்வான நேர்ப் பள்ளம் ஓடி, அந்தப் பக்கத்தகட்டை மேல், கீழ் என்று இரண்டாகப் பிரிக்கும். கையில் ஒரு பத்து மடங்கு லென்ஸ் இருந்தால் இன்று மதில் அடியில் செத்துக் கிடக்கும் குளவியிலேயே நீங்கள் அதைப் பார்க்கலாம். மேலிருந்து கீழாக நசுங்கிய கல்லில் அது தெரிவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

இந்தக் கற்களை வாசித்தவர்களில் முக்கியமானவர் கொக்கரெல். 1866இல் இங்கிலாந்தில் பிறந்தவர். இருபத்தோரு வயதளவில் காசநோய் வந்து, காய்ந்த மலைக்காற்றுக்காகக் கொலராடோ போனவர். பிறகு அங்கேயே பேராசிரியர் ஆனார். 1948இல் இறந்தார். அவர் பெயர் வைத்த தேனீக்கள் மட்டும் ஐயாயிரத்துக்கு மேல். மனுசன் ஓயாமல் எழுதினார். 1906இல் அவர் புளோரிசன்ட் கல்லில் இருந்த ஒரு குளவிக்குச் செரோபலைட்டீஸ் இன்பெலிக்ஸ் என்று பெயர் வைத்தார். இன்று வாழும் செரோபலிஸ் என்ற சிலந்திக் குளவியைப் போன்றது என்பது முன்பாதியின் பொருள். இன்பெலிக்ஸ் என்றால் இலத்தீனில் பேறற்றது, அதிர்ஷ்டம் கெட்டது.

அன்றிலிருந்து அந்தக் குளவி பொம்பிலிடே குடும்பத்தில் ஒரு பதிவாக இருந்தது. நூறு வருடத்துக்கு மேல்.

2017இல் ஹுவானிதா ரொட்ரிகஸ், செசிலியா வைச்செர்ட், கரோல் வொன் டோலன், ஜேம்ஸ் பிட்ஸ் ஆகிய நால்வர் அதுவரை சிலந்திக் குளவி என்று எழுதப்பட்டிருந்த உயிர்ச்சுவடுகளை ஒன்றுவிடாமல் திரும்பப் பார்த்து ஒரு பெரிய கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் ஏற்றுக்கொண்ட உயிர்ச்சுவட்டு இனங்கள் 26. பல இனங்கள் இருந்த சாதியை விட்டு வேறு சாதிக்குப் போயின. பெப்சினைட்டீஸ் என்று புதிதாக ஒரு சாதிப் பெயர் வைத்தார்கள். கொக்கரெலும் அவருடைய காலத்தவர்களும் பெயரிட்ட பல குளவிகள் அதற்குள் வந்தன. பேறற்ற அந்தக் குளவிக்கு நடந்தது வேறு. அது சிலந்திக் குளவியே அல்ல என்று குடும்பத்திலிருந்தே வெளியே எடுத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கொக்கரெல் பிழை விட்டார், நால்வர் பிடித்தார்கள் என்று மட்டும் இதை வாசித்துவிட்டுப் போகாதீர்கள். கொக்கரெல் என்ன செய்தார்? கல்லை எறியவில்லை. எடுத்த இடத்தையும் கண்ணில் பட்டதையும் விவரித்து அச்சிட்டார், கல்லும் பத்திரமாக இருந்தது. அதனால்தான் 111 வருடம் கழித்து வேறு கண்கள் அதைத் திரும்பப் பார்க்க முடிந்தது. அவருடைய தீர்ப்பு விழுந்தது, சான்று விழவில்லை. பெயரும் நிலைத்தது. குடும்பம் மாறினாலும் செரோபலைட்டீஸ் இன்பெலிக்ஸ் என்ற பெயர் அந்தக் கல்லோடுதான் இருக்கும். அதுதான் அந்தப் பெயரின் மூலமாதிரி. விலங்கியல் பெயரிடல் விதிகள் அப்படித்தான் சொல்கின்றன: பெயர் மாதிரிக்கு உரியது, நம் கருத்துக்கு உரியது அல்ல.

பெயரையும் கருத்தையும் இப்படிப் பிரித்து வைத்திருப்பதால்தான் இந்தத் துறையில் ஒருவர் இன்னொருவரைத் திருத்துவது சண்டையாக முடிவதில்லை. விதிப்புத்தகத்தில் இன்னும் ஓர் அருமையான ஏற்பாடு இருக்கிறது. எந்தச் சாதி என்று உறுதியாகச் சொல்ல முடியாத இனங்களை ஒன்றாக வைக்கக் 'கூட்டுக் குழு' என்று ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாம். அதற்கும் முடியாவிட்டால் 'இடம் உறுதியில்லை' என்று இலத்தீனில் எழுதிவைக்கும் வழக்கம் இருக்கிறது. சாதிப் பெயருக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டே அச்சில் வெளியிடுவார்கள். ஆம், அந்தப் பிள்ளையின் தாள்துண்டில் இருந்த அதே கேள்விக்குறிதான். உலகத்தின் பெரிய சஞ்சிகைகளில் அது வருகிறது. யாரும் புள்ளி குறைப்பதில்லை.

'ஒரு செத்த குளவி எந்தக் குடும்பத்தில் இருந்தால் யாருக்கு என்ன?' என்று வீட்டில் கேட்பார்கள். என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பர்மாவில் இருந்து ஒரு பதில்.

பர்மாவின் வடக்கே ஹுகாவுங் பள்ளத்தாக்கில் அம்பர் எடுக்கிறார்கள். அம்பர் என்பது கல்லாய் இறுகிய மரப்பிசின். அதற்குள் அகப்பட்ட பூச்சி கல்லில் நசுங்கியதுபோல் நசுங்காது, கண்ணாடிக்குள் வைத்ததுபோல் இருக்கும். 2012இல் அந்தப் படையின் சாம்பல் துகள்களை வைத்து வயது கணித்தார்கள். ஏறத்தாழ 9 கோடியே 90 இலட்சம் வருடம். டைனோசர் காலம். 2006இல் மைக்கேல் எங்கெல், டேவிட் கிரிமால்டி என்ற இரண்டு பெரிய அறிஞர்கள் அந்த அம்பருக்குள் இருந்த ஒரு குளவியைக் கிரத்தேசிய காலத்தின் முதல் சிலந்திக் குளவி என்று அறிவித்தார்கள். பிரையோபொம்பிலஸ் இன்டர்பெக்டர் என்று பெயர். இன்டர்பெக்டர் என்றால் கொலைகாரன்.

அந்த ஒரு குளவியால் பொம்பிலிடே குடும்பம் முழுவதுக்கும் வயது கூடிவிட்டது. எப்படி என்று சொல்கிறேன். இன்று வாழும் குளவிகளின் டீ.என்.ஏ.யை ஒப்பிட்டு, எந்தக் கிளை எப்போது பிரிந்தது என்று கணிப்பார்கள். ஆனால் டீ.என்.ஏ. வேறுபாட்டின் அளவைத்தான் சொல்லும், வருடத்தைச் சொல்லாது. வருடத்தைச் சொல்ல வயது தெரிந்த ஓர் உயிர்ச்சுவடு வேண்டும். வட்டைக்குள் எல்லைக்கல் மாதிரி. வெள்ளாமைக் காணி வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. ஒரு மூலையில் கல் தள்ளி நட்டிருந்தால் அளந்து போகும் ஒவ்வொரு வரம்பும் தள்ளித்தான் விழும். அளந்தவன் எவ்வளவு கவனமாக அளந்தாலும் பயனில்லை.

2016இல் முன்னே சொன்ன அதே நால்வரும் இன்னொருவரும் சேர்ந்து போலந்திலிருந்து வரும் ஒரு தொல்லுயிரியல் சஞ்சிகையில் எழுதினார்கள். பிரையோபொம்பிலஸ் சிலந்திக் குளவிக் குடும்பத்தில் சேராது, அதற்கு ஒரு தனிக் குடும்பமே வேண்டும் என்பது அவர்கள் முடிவு. அந்த எல்லைக்கல்லைப் பிடுங்கியதும் கணக்கு மாறியது. சிலந்திக் குளவிகளின் தோற்றம் கிரத்தேசியத்தில் அல்ல, இயோசீனில் என்று அவர்கள் வாதிட்டார்கள். நாலு கோடி வருடத்துக்கு மேல் வித்தியாசம். டைனோசர்களோடு ஒன்றாக இருந்தது என்று நினைத்த ஒரு கூட்டம் டைனோசர்கள் போய்ச் சேர்ந்த பிறகு வந்ததாகிவிட்டது. ஒரே ஒரு பூச்சியை ஒரு பெட்டியிலிருந்து எடுத்து மற்றப் பெட்டியில் வைத்ததால்.

பர்மா அம்பரைப் பற்றி இன்னொன்றும் நான் சொல்லாமல் போக முடியாது. அந்த மண் கச்சின் மாநிலத்து மண். அங்கே யுத்தம். 2017இல் இராணுவம் தனாய் பகுதி அம்பர்ச் சுரங்கங்களில் இருந்த சனத்தை வெளியேறச் சொன்னது. 2020இல் முதுகெலும்பித் தொல்லுயிரியல் சங்கம், அந்த இராணுவ நடவடிக்கை தொடங்கிய பிறகு அங்கிருந்து வந்த அம்பரை ஆராய்ந்து வெளியிடுவதை நிறுத்திவைக்கும்படி சஞ்சிகைகளைக் கேட்டது. பொருள் எங்கிருந்து, யார் கையால், என்ன நிலையில் வந்தது என்பதும் லேபலில் ஒரு வரிதான். இடம்பெயர்ந்து பாடசாலை மண்டபங்களில் படுத்தெழும்பிய ஊர்களின் பிள்ளைகள் நீங்கள். அந்த வரியை நீங்கள் தவறவிடக் கூடாது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். உயிர்ச்சுவடு என்றால் கொலராடோ, பர்மா என்று தூரத்து விசயமாகத் தெரியலாம். பெயரும் இடமும் மாறிப்போன ஒட்டுண்ணிக் குளவி உங்கள் தென்னந்தோப்பிலும் இருக்கிறது.

தென்னோலை அடிப்பக்கம் காய்ந்து, கருகினதுபோல் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஓலையைத் திருப்பினால் எச்சமும் நூலும் சேர்த்துக் கட்டிய ஒரு நீளக் குழாய். அதைப் பிரித்தால் உள்ளே கறுத்தத் தலைப் புழு. தென்னைக்கு அது பழைய எதிரி. அந்தப் புழுவை அழிக்கும் ஒரு சின்னக் குளவி இருக்கிறது, எறும்பு அளவுதான். அந்தக் குழாய்க்குள் புகுந்து புழுவைக் கொட்டி அடக்கி, அதன் முதுகில் முட்டைகளை வரிசையாக இட்டுவிட்டு, சிலந்திக் குளவி மாதிரிப் பறந்துவிடாது. குஞ்சுகள் தின்று முடிக்கும் வரைக்கும் பக்கத்திலேயே இருந்து காவல் காக்கும். இந்தியாவில் இதை ஆய்வுகூடத்தில் பெருக்கித் தோப்புகளில் விடுகிறார்கள்.

1934இல் மியூஸ்பெக் என்ற அமெரிக்க அறிஞர் அதற்குப் பெரிசியெரோலா நெபன்டிடிஸ் என்று பெயரிட்டார். அன்று அந்தப் புழுவின் பெயர் நெபன்டிஸ் செரினோபா. நெபன்டிசைத் தின்னும் குளவி என்பதால் நெபன்டிடிஸ். பிறகு என்ன நடந்தது? குளவி பெரிசியெரோலாவை விட்டு கோனியோசஸ் சாதிக்குப் போனது. புழுவும் பெயர் மாறி ஒபிசினா அரெனோசெல்லா ஆனது. குளவியின் பின்பெயர் மட்டும் மாறவில்லை. இன்று நெபன்டிஸ் என்று எந்தப் புழுவையும் கூப்பிடுவதில்லை. அந்தப் பழைய பெயரைச் சுமந்துகொண்டு குளவி நம் ஓலைகளில் திரிகிறது. பழைய விவசாயப் புத்தகம் ஒன்றில் பெரிசியெரோலா என்றும் புதிய கைநூலில் கோனியோசஸ் என்றும் பார்த்து இரண்டு குளவி என்று நினைத்த மாணவர்களை நான் கண்டிருக்கிறேன். உயிருள்ள, கையில் பிடித்து வளர்க்கக்கூடிய, தென்னைக்காரர் நன்றி சொல்லும் ஒரு பூச்சிக்கே இவ்வளவு அலைச்சல் என்றால், கல்லுக்குள் பாதி அழிந்த நிழலுக்கு எவ்வளவு இருக்கும்.

நம் முன்னோரும் ஒட்டுண்ணிக் குளவியை வகைப்படுத்தப் பார்த்தவர்கள்தான். குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். குருவின் பார்வையில் சீடன் மாறுவதற்கு அதை உவமையாகச் சொல்வார்கள். வீட்டுச் சுவரில் மண்கூடு. குளவி ஒரு பச்சைப் புழுவை உள்ளே கொண்டுபோகிறது, கொட்டுகிறது, வாயை அடைக்கிறது. சில கிழமை கழித்துக் கூட்டை உடைத்துக்கொண்டு வருவது குளவி. பார்த்தவர்கள் பொய் சொல்லவில்லை. உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி. இரண்டும் உண்மை. நடுவில் இருந்த முட்டைதான் கண்ணில் படவில்லை. படாத இடத்தை ஒரு அழகான முடிவால் நிரப்பிவிட்டார்கள். யாராவது ஒருவர் அங்கே கேள்விக்குறி போட்டு, அடுத்த கூட்டைப் பத்தாம் நாள் ஒன்று, இருபதாம் நாள் ஒன்று என்று உடைத்துப் பார்த்திருந்தால் போதும். இன்று நீங்கள் அதைச் செய்யலாம். வீட்டில் மூத்தவர்கள் தடுப்பார்கள், குளவி கூடு கட்டினால் வீட்டுக்குப் பிள்ளை வரும் என்ற நம்பிக்கை இருக்கிறது. அவர்களிடம் சொல்லிவிட்டு, வெளி மதிலில் இருக்கும் கூட்டைப் பாருங்கள்.

அழிந்துபோனதை மிச்சத்திலிருந்து மீட்கும் வேலை காரைதீவுக்குப் புதிதல்ல. சுவாமி விபுலானந்தர் 1892இல் பிறந்த ஊர் இது. அவரைத் தமிழ்ப் பேராசிரியர் என்றும் துறவி என்றும் உங்களுக்குத் தெரியும். லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பழைய யாழ் ஒன்றுகூட மிஞ்சாத காலத்தில், சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதையில் யாழைப் பற்றி வரும் பகுதியை எடுத்துக்கொண்டு, நரம்புகளின் சுருதிக் கணக்கைப் போட்டு, அந்தக் கருவி எப்படி இருந்திருக்கும் என்று கட்டியெழுப்பினார். 'யாழ் நூல்' 1947இல் அரங்கேறியது. அதே ஆண்டு அவர் மறைந்தார். கல்லில் நசுங்கிய செட்டை நரம்பைப் பார்த்து முழுக் குளவியை யோசிப்பவருக்கும் யாழ் நரம்பைக் கணக்கிட்டவருக்கும் வேலை ஒன்றுதான். 1930களில் சென்னையில் விஞ்ஞானத்துக்குத் தமிழ்க் கலைச்சொல் ஆக்கிய பணிக்கும் அவர் தலைமை தாங்கினார். நீங்கள் பரீட்சையில் தமிழில் விஞ்ஞானம் எழுதுவதன் பின்னால் அப்படிப்பட்ட உழைப்பு இருக்கிறது.

நம் குளவிகளை எழுதியவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்கள். 1897இல் பிங்காம் என்பவர் எழுதிய புத்தகத்தில் இந்தியா, இலங்கை, பர்மாக் குளவிகள் ஒன்றாக இருக்கின்றன. அதில் பெரிய சிலந்திக் குளவிகள் பலவற்றைச் சாலியஸ் என்ற ஒரே சாதிக்குள் போட்டிருக்கிறார். அவை இன்று வெவ்வேறு சாதிகளில் இருக்கின்றன. 1970களில் கார்ல் குரொம்பைன் என்ற அமெரிக்கர் தீவு முழுக்கச் சேகரித்து, இலங்கைக் குளவிகளைப் பற்றி ஒரு கட்டுரைத் தொடரே எழுதினார். அந்த உழைப்புக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் எங்கள் மதில் அடியில் ஒவ்வொரு நாளும் நடப்பதைப் பார்க்க நீங்கள்தான் இருக்கிறீர்கள். எந்த மாதத்தில் வருகிறது, எந்தச் சிலந்தியை எடுக்கிறது, மாரி மழைக்குப் பிறகு எங்கே போகிறது என்று தமிழில் எழுதி வைத்தால் அதுவே பெரிய வேலை. அதற்காகக் கண்டதையெல்லாம் கொல்ல வேண்டாம். விளக்கடியிலும் ஜன்னல் ஓரத்திலும் தானாகச் செத்துக் கிடப்பதே போதும். வனப்பகுதிகளில் எடுப்பதற்கு அனுமதி வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

போனில் செயலியிடம் கேட்பது பிழை என்று நான் சொல்லவில்லை. கேளுங்கள். அது சொன்னதை 'செயலி சொன்னது' என்று பென்சிலால் பின்பக்கம் எழுதுங்கள். முன்பக்கத்தில் நீங்கள் கண்டது இருக்கட்டும்: ஊர், இடம், திகதி, மணி, அது என்ன செய்தது. பெயர் தெரிந்தவரைக்கும் எழுதுங்கள். குடும்பம் வரைக்கும் தெரிந்தால் குடும்பம் வரைக்கும். குளவி என்பது மட்டும் தெரிந்தால் குளவி என்று மட்டும். அதற்கு மேலே கேள்விக்குறி. அடுத்து வருகிறவருக்கு எங்கிருந்து தொடங்குவது என்று அது காட்டும். பிழையான பெயர் அவருடைய வழியையே மறித்துவிடும், ஏனென்றால் பெயர் இருக்கும் பெட்டியை யாரும் திரும்பத் திறப்பதில்லை. இன்பெலிக்சைத் திரும்பத் திறக்க 111 வருடம் ஆனது.

ஆசிரியர்களாக இருக்கும் என் தம்பிமார், தங்கச்சிமாரும் இதை வாசிப்பார்கள் என்று நினைக்கிறேன். புள்ளி போடும் தாளில் 'சரியான பெயர்' என்று ஒரு வரி இருந்தால், அதற்குப் பக்கத்தில் 'இடம், திகதி, நடத்தை' என்று இன்னொரு வரி சேர்த்து, அதற்குக் கூடுதல் புள்ளி வையுங்கள். நடுவராக யார் வந்தாலும் அந்த வரி பிள்ளையைக் காக்கும்.

என் வீட்டு அலுமாரியில் ஒரு பெட்டி இருக்கிறது. நான் படிப்பித்த காலத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து சேகரித்த பெட்டிகள் ஏழு. 2004 மார்கழி 26 காலையில் கடல் வந்தபோது ஆறு போய்விட்டன. ஏழாவது, இரண்டு வளவு தள்ளி, வேலிக் கம்பியில் மாட்டிக்கொண்டு கிடந்தது. மனிதர்களைத் தேடிக்கொண்டிருந்த நாட்களில் பூச்சிப் பெட்டியை யார் பார்ப்பார்கள்? கிழமைகள் கழித்துத்தான் திறந்தேன். கண்ணாடி உடைந்து, உள்ளே மணலும் உப்பும். ஊசிகள் துருப்பிடித்து நின்றன. பெரும்பாலானவை பொடியாகிவிட்டன. ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. தலை இல்லை. பின்கால் ஒன்று இல்லை. ஒரு செட்டை முழுதாகவும் மற்றது பாதியாகவும். லேபலில் மை கரைந்து நீலக் கறை மட்டும். அதை எடுத்து வந்த பிள்ளை யார் என்பதுகூட எனக்கு ஞாபகத்தில் இல்லை. ஞாபகத்தில் இருந்தாலும் கேட்க அந்தப் பிள்ளை இருக்கிறதோ தெரியாது.

அன்று நான் நல்ல மையில், புதுத் தாளில், ஒரு முழுப் பெயரை எழுதிவைத்தேன். எனக்கு ஏதாவது ஒன்று முழுதாக வேண்டியிருந்தது. ஆண்டுகளாக அந்த லேபல் அப்படியே இருந்தது. கண்காட்சியிலிருந்து வந்த இரவு பெட்டியை இறக்கி, லென்சை எடுத்து, மேசை விளக்கடியில் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தேன். நெஞ்சில் உப்பு இறுகியிருந்தது. ஈரமாக்கிய தூரிகை மயிரால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். அந்தச் சாய்வுப் பள்ளம் தெரிந்தது. மெல்லிய கோடாக, குறுக்கே சாய்ந்து. அதற்கு மேல் அந்த உடம்பு எதையும் சொல்லவில்லை.

பழைய லேபலைக் கழற்றி எறியவில்லை, அதே ஊசியில் அடியில் விட்டிருக்கிறேன். அதற்கு மேலே புதிதாக எழுதியது இது:

'காரைதீவு. 2004க்கு முன். எடுத்தவர் ஒரு மாணவர். கடல் தண்ணீரில் கிடந்தது. பொம்பிலிடே. சாதி: ?'

சனிக்கிழமைகளில் வீட்டில்தான் இருக்கிறேன். லென்ஸ் இரண்டு இருக்கிறது. அந்த மதில் அடிக் குளவியின் சொந்தக்காரப் பிள்ளை வந்தால், முதலில் அதன் செட்டையைப் பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் பழைய உயிரியல் சேர்
காரைதீவு